அங்குலத்தில் அளந்த மின்தடை

எட்டுச் செப்புக் கம்பிகள். தடிமன் எல்லாவற்றுக்கும் ஒன்று. நீளம் மட்டும் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம் என்று ஏறிக்கொண்டே போகும். 1826 ஜனவரியில், ஜெர்மனியின் கொலோன் நகரில், ஒரு பள்ளி ஆசிரியர் இவற்றை ஒவ்வொன்றாக ஒரு சுற்றில் மாட்டி, அருகே தொங்கிய காந்த ஊசியின் மீது விழும் விசையை எழுதிக்கொண்டார். அவர் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்கிறோமே, அந்தக் கணக்கு பிறந்தது அந்த மேசையில்தான்.

இன்று அது ஒரு நொடிக் கணக்கு. தண்ணீர் காய்ச்சும் ஹீட்டருக்கு 230 வோல்ட் வருகிறது, 5 ஆம்பியர் ஓடுகிறது என்றால், வகுத்தால் 46 ஓம், பெருக்கினால் 1150 வாட். எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரைப் பார்த்த மாத்திரத்தில் வாயாலேயே சொல்லிவிடுவார். ஓமின் மேசையில் மல்டிமீட்டர் இல்லை. கருவியைச் சொல்வானேன், வோல்ட், ஆம்பியர் என்ற அலகுகளே உலகத்தில் எங்கும் கிடையாது. மின்தடை என்று தனியாக ஒரு அளவு உண்டு என்பதும் தெளிவாகவில்லை. அளவுகோலே இல்லாத இடத்தில் ஒரு அளவு விதியை ஒருவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் ஆகப் பெரிய விஷயம்.

1800-இல் இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா துத்தநாகமும் செம்பும் உப்புநீரில் நனைத்த அட்டையுமாக அடுக்கி முதல் பேட்டரியைச் செய்தார். அதற்குமுன் மின்சாரம் என்றால் ஒரு பொறி, ஒரு அதிர்ச்சி, அதோடு சரி. வோல்ட்டாவுக்குப் பிறகு அது தொடர்ந்து ஓடும் ஒன்றாயிற்று. ஓடுவதை அளக்க வழி கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1820-இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். ஊசி எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? ஐரோப்பா முழுவதும் ஆய்வாளர்கள் கம்பியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஆனால் மனத்தில் இருந்த படம் குழப்பமானது. அழுத்தம் என்பது சுற்று திறந்திருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் காணப்படுவது, ஓட்டம் என்பது சுற்றை மூடியபின் வருவது என்று இரண்டையும் தனித்தனி நிலைமைகளாகப் பார்த்தார்கள். ஓட்டம் நடந்துகொண்டிருக்கும் கம்பியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அழுத்தம் இருக்கும், அது கம்பியின் நீளத்தோடு படிப்படியாக இறங்கும் என்ற எண்ணம் அன்று பழக்கத்தில் இல்லை. ஆகவே கம்பியை மாற்றினால் ஊசியின் விலக்கம் ஏன் மாறுகிறது என்று கேட்டவர்கள் பலர் இருந்தும், என்ன விகிதத்தில் மாறுகிறது என்பதற்கு ஒருவரிடமும் உறுதியான பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடிய ஓம் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். 1789-இல் எர்லாங்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை யோஹான் வோல்ஃப்காங் ஓம் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். தானே புத்தகம் வாங்கிப் படித்துக் கணிதத்தில் நல்ல தேர்ச்சி பெற்றவர். இரண்டு மகன்களுக்கும் வீட்டில் தானே கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார். இளையவர் மார்ட்டின் பின்னாளில் பெயர்பெற்ற கணித அறிஞர் ஆனார். மூத்தவர் ஜார்ஜ், உலோகத்தை அராவி இழைக்கும் பட்டறையையும் கணிதத்தையும் ஒரே வீட்டில் பார்த்து வளர்ந்தவர். அவருடைய கருவியின் நேர்த்தியைப் பார்க்கும்போது அந்தப் பட்டறை நினைவுக்கு வராமல் போகாது. 1817-இல் கொலோன் ஜெசூயிட் பள்ளியில் கணித, இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். அந்தப் பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

முதல் முயற்சி தோற்றது. 1825-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், கம்பி நீள நீள ஓட்டம் குறைவதை ஒரு மடக்கைச் சூத்திரத்தில் அடக்கினார். சிறிய நீளங்களுக்கு அது ஓரளவு ஒத்துப்போனது. ஆனால் நீளத்தை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ஓட்டம் பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும் என்று அந்தச் சூத்திரம் சொல்லும். எவ்வளவு நீளமான கம்பியாலும் மின்சாரத்தைத் திருப்பி ஓடவைக்க முடியாது.

பிழை கணக்கில் இல்லை, பேட்டரியில் இருந்தது. அந்தக் காலத்துப் பேட்டரியைச் சுற்றில் இணைத்ததும் ஓட்டம் ஒரு வேகத்தில் கிளம்பும். சற்று நேரத்தில் செப்புத் தகட்டின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் படிந்து ஓட்டம் தளரும். இணைப்பை எடுத்துவிட்டால் கொஞ்சம் தெளியும், மறுபடி இணைத்தால் மறுபடி தளரும். முதல் கம்பியை அளந்தபோது இருந்த பேட்டரி ஐந்தாவது கம்பியை அளக்கும்போது இருக்காது. ஊசியின் விலக்கம் கம்பியால் குறைந்ததா, பேட்டரி களைத்ததால் குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஓமின் காலத்தில் இந்தத் துறையில் பலர் திணறியதற்கு முக்கியக் காரணம் இதுதான். கருவிகள் நுட்பமாகிக்கொண்டிருந்தன. தள்ளும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வழி சொன்னவர் பொக்கன்டோர்ஃப். பெர்லினில் ‘அன்னாலன் டெர் ஃபிசிக்’ என்ற அறிவியல் இதழின் ஆசிரியர். ஓமின் கட்டுரையைப் பார்த்தவர், பேட்டரியை விட்டுவிட்டு சீபெக் கண்டுபிடித்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று யோசனை சொன்னார். ஐந்தாண்டுகளுக்கு முன், 1821-இல், தாமஸ் சீபெக் கண்டது இது: இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் வளையத்தில் மின்சாரம் ஓடும். மிகச் சிறிய மின்சாரம். ஆனால் சூடும் குளிரும் மாறாதவரை அது மாறாது. ஒரு பத்திரிகை ஆசிரியர் தன்னிடம் வந்த கட்டுரையின் பலவீனத்தைப் புரிந்துகொண்டு சரியான கருவியைச் சுட்டிக்காட்டினார் என்பது அறிவியல் வரலாற்றில் அடிக்கடி நடப்பதல்ல. பொக்கன்டோர்ஃபின் பெயரும் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இடம்பெறலாம்.

ஓம் செய்த கருவியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். இருபுறமும் மடித்த பிஸ்மத் உலோகச் சட்டம் ஒன்று. அதன் இரு முனைகளிலும் செப்புப் பட்டைகள் திருகப்பட்டிருக்கின்றன. ஒரு இணைப்பு கொதிக்கும் நீர் உள்ள பாத்திரத்தில், மற்றது பனிக்கட்டியில். இரண்டு பாத்திரங்களும் தாமாகவே தங்கள் வெப்பநிலையைக் காத்துக்கொள்ளும். கொதிக்கும் நீர் கொதிநிலைக்கு மேல் போகாது, உருகும் பனிக்கட்டி உருகுநிலையை விட்டு நகராது. தள்ளும் கையின் நடுக்கம் நின்றுவிட்டது. செப்புப் பட்டைகளின் வெளி முனைகள் பாதரசம் நிரம்பிய சிறு கிண்ணங்களில் இறங்குகின்றன. அளக்க வேண்டிய கம்பியின் இரு முனைகளையும் அந்தக் கிண்ணங்களில் முக்கினால் சுற்று மூடிவிடும். திருகு, முடிச்சு எதுவும் இல்லாததால் இணைப்பு தளர்ந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

சுற்றின் மேல், தட்டையாக்கிய மெல்லிய தங்கக் கம்பியில் ஒரு காந்த ஊசி தொங்குகிறது. மின்சாரம் ஓடியதும் ஊசி விலகப் பார்க்கும். ஓம் அதை விலக விடமாட்டார். மேலே உள்ள குமிழைத் திருப்பித் தங்கக் கம்பியை முறுக்கி, ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். எவ்வளவு முறுக்க வேண்டியிருந்ததோ அதுவே ஓட்டத்தின் அளவு. ஊசி எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதால், கம்பிக்கும் ஊசிக்கும் உள்ள தூரம் மாறுவதால் வரும் தவறு அறவே இல்லை. ஊசி நின்ற இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

1826 ஜனவரி 8-ஆம் தேதி எட்டுக் கம்பிகளுக்கும் கிடைத்த எண்கள் இவை: 326¾, 300¾, 277¾, 238¼, 190¾, 134½, 83¼, 48½. சும்மா பார்த்தால் குறைந்துகொண்டே போகும் எண்கள், அவ்வளவுதான். நீளம் இரட்டித்தால் ஓட்டம் பாதியாகவில்லை. 2 அங்குலத்திலிருந்து 4 அங்குலத்துக்குப் போனபோது பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஆனால் 66-லிருந்து 130-க்குப் போனபோது கிட்டத்தட்ட பாதிக்கு அருகில் வந்துவிட்டது. இந்த எண்களுக்குள் ஓம் கண்ட ஒழுங்கு இது: ஓட்டம் = அ ÷ (ஆ + கம்பியின் நீளம்). ‘அ’ என்பது 7285, ‘ஆ’ என்பது 20¼.

போட்டுப் பாருங்கள். 2 அங்குலக் கம்பிக்கு 7285-ஐ 22¼ ஆல் வகுத்தால் 327 சொச்சம். ஊசி சொன்னது 326¾. 34 அங்குலக் கம்பிக்கு 54¼ ஆல் வகுத்தால் 134.3. ஊசி சொன்னது 134½. 130 அங்குலத்துக்கு 150¼ ஆல் வகுத்தால் 48½. ஊசி சொன்னதும் 48½. பனிக்கட்டி, கொதிநீர், தங்கக் கம்பி, பொறுமை ஆகியவற்றைக் கொண்டு ஒரு பள்ளி ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவுகள் இவ்வளவு நெருக்கமாக ஒரே சூத்திரத்தில் உட்காருவதைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

அந்த 20¼ என்ன? அதுவும் அங்குலம்தான். பிஸ்மத் சட்டம், செப்புப் பட்டைகள், பாதரசம் என்று கம்பியைத் தவிரச் சுற்றில் உள்ள மற்ற எல்லாம் சேர்ந்து எவ்வளவு தடுக்கின்றனவோ, அது அந்தச் செப்புக் கம்பியின் 20¼ அங்குலத்துக்குச் சமம். ஓம் மின்தடைக்குத் தனி அலகு தேடவில்லை. கம்பியின் நீளத்தையே அலகாக்கினார். அளவுகோல் இல்லையே என்று நின்றுவிடாமல், கையில் இருந்த கம்பியையே அளவுகோலாக்கிக்கொண்டார்.

அடுத்து அவர் செய்ததுதான் முடிச்சை அவிழ்த்தது. கொதிநீரை எடுத்துவிட்டு, ஒரு இணைப்பை அறையின் வெப்பநிலையிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்ப வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. மறுபடி அதே எட்டுக் கம்பிகள். இப்போது ‘அ’ முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ‘ஆ’ அப்படியே நின்றது. அதாவது ‘அ’ என்பது தள்ளும் விசைக்கு உரியது, ‘ஆ’ என்பது பாதைக்கு உரியது. ஒன்றை மாற்றினால் மற்றது அசையவில்லை. மின்னழுத்தம் வேறு, மின்தடை வேறு, இரண்டும் சேர்ந்து ஓட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்று அன்று முதன்முதலாக எண்களில் தெளிவானது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளியில் ஓம் விதி என்று வருவது ஓம் எழுதியதில் பாதி. ஒரு மின்தடை, அதன் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம், அதில் ஓடும் மின்னோட்டம் என்று அது நின்றுவிடுகிறது. ஓமின் சூத்திரத்தில் ‘ஆ’ இருந்தது. மின்சாரத்தைத் தருகிற பொருளுக்கும் தன்னுள் ஒரு தடை உண்டு என்பது அவருடைய கணக்கின் உடம்பிலேயே இருந்தது. காரை ஸ்டார்ட் செய்யும்போது முன்விளக்கு ஒரு நொடி மங்குகிறதே, அது இந்த ‘ஆ’ செய்யும் வேலை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது, அப்போது முனைகளில் 10 வோல்ட்தான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காணாமல்போன 2 வோல்ட்டை 100-ஆல் வகுத்தால் 0.02 ஓம். அதுதான் பேட்டரியின் உள்தடை. 2-ஐ 100-ஆல் பெருக்கினால் 200 வாட். அது பேட்டரிக்குள்ளேயே சூடாகிப் போகிறது. ரிமோட்டிலிருந்து கழற்றிய பழைய செல் மீட்டரில் 1.4 வோல்ட் காட்டியும் டார்ச்சில் போட்டால் எரியாமல் இருப்பதும் இதனால்தான். மீட்டர் இழுக்கும் ஓட்டம் மிகச் சிறியது, அதற்கு உள்தடை தெரியாது. டார்ச் பல்பு நிறைய இழுக்கும்போது அழுத்தம் உள்ளேயே தீர்ந்துவிடுகிறது. பாடத்தில் ‘ஆ’வை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஓம் விதி கைக்கு எட்டிய பொருளாகிவிடும் என்பது என் திடமான எண்ணம்.

சோதனை முடிந்ததும் ஓம் பாதிச் சம்பளத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு பெர்லினில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனார். 1827-இல் கால்வானியச் சுற்றைக் கணித முறையில் ஆராயும் தன் நூலை வெளியிட்டார். வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்று பிரான்சின் ஃபூரியே 1822-இல் எழுதியிருந்த கணிதத்தை அவர் மின்சாரத்துக்குக் கொண்டுவந்தார். வெப்பநிலை இருந்த இடத்தில் மின்னழுத்தம், வெப்ப ஓட்டம் இருந்த இடத்தில் மின்னோட்டம். கம்பியின் நீளத்தோடு அழுத்தம் சீராக இறங்கும் என்ற படம் அதில் முழுமையாக வந்தது.

வரவேற்பு இல்லை. அன்றைய ஜெர்மன் அறிவுலகில் இயற்கையைத் தத்துவத்தால் அறிந்துவிடலாம் என்று நம்பிய ஒரு கூட்டம் செல்வாக்கோடு இருந்தது. இயற்பியலுக்குள் இவ்வளவு கணிதம் வருவதை அவர்கள் விரும்பவில்லை. கடுமையான விமர்சனமும் வந்தது. பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்த ஓம் மனம் நொந்து 1828-இல் கொலோன் வேலையையும் விட்டுவிட்டார். பெர்லினில் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சில ஆண்டுகள் ஓட்டினார். 1833-இல்தான் நியூரம்பர்க் பாலிடெக்னிக்கில் நிலையான இடம் கிடைத்தது. இதற்கிடையே லைப்சிக்கில் ஃபெக்னர் பொறுமையாக அளந்து பார்த்து ஓம் சொன்னது சரி என்று 1831-இல் காட்டியிருந்தார். 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயரிய கோப்ளி பதக்கத்தை ஓமுக்கு அளித்தது. அவர் ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852-இல் வந்தது. 1854-இல் அவர் இறந்துவிட்டார். சொந்த நாட்டில் அவருக்கு நடந்தது அநியாயம் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். ஓம் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1781-இல், இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் இதே உறவைக் கண்டிருந்தார். அவரிடம் பேட்டரியும் இல்லை, ஓர்ஸ்டெட்டின் ஊசியும் இல்லை. கண்ணாடிக் குழாய்களில் உப்புநீரை நிரப்பி, மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் லேடன் ஜாடியின் மின்சாரத்தை அதன் வழியே தன் உடம்பில் வாங்கி, எந்த அதிர்ச்சி எதைவிட வலியது என்று ஒப்பிட்டே கணக்குப் போட்டார். எதையும் வெளியிடவில்லை. கையெழுத்துப் பிரதிகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்தவர் மேக்ஸ்வெல், 1879-இல். ஒரு மனித உடம்பு மீட்டராக இருந்து இவ்வளவு துல்லியத்தைத் தந்திருக்கிறது!

ஓமின் சோதனை மின்தடையைத் தந்தது. மின்திறன் வேறொரு வழியாக, வேறொரு தேவையிலிருந்து வந்தது. மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஒரு பீர் ஆலை. முதலாளியின் மகன் ஜேம்ஸ் ஜூல், 1818-இல் பிறந்தவர், சிறுவயதில் ஜான் டால்டனிடம் பாடம் கேட்டவர். ஆலையில் நீராவி எந்திரத்துக்குப் பதில் மின்மோட்டாரை வைத்தால் என்ன என்ற கேள்வியோடு இருபது வயதுக்குள் ஆராய்ச்சியில் இறங்கினார். மோட்டாருக்கு மின்சாரம் தருவது பேட்டரி, பேட்டரிக்குத் தீனி துத்தநாகம். ஒரு ராத்தல் துத்தநாகம் கரைந்தால் எவ்வளவு வேலை கிடைக்கிறது, ஒரு ராத்தல் நிலக்கரி எரிந்தால் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார். நல்ல நீராவி எந்திரத்தில் நிலக்கரி தரும் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே துத்தநாகம் தந்தது. துத்தநாகத்தின் விலையோ நிலக்கரியைவிடப் பல மடங்கு. ஆலையில் மோட்டார் வரவில்லை.

ஆனால் அந்த வரவுசெலவுக் கணக்கு அவரை விடவில்லை. கரைந்த துத்தநாகத்தில் எவ்வளவு வேலையாகிறது, எவ்வளவு கம்பியின் சூடாகப் போகிறது? 1840-இல் அவர் செய்த சோதனை எளிமையானது. கம்பியைக் கண்ணாடிக் குழாயின் மேல் சுருளாகச் சுற்றி, தண்ணீர் உள்ள ஜாடியில் இறக்கி, மின்சாரத்தை ஓடவிட்டு வெப்பமானியைப் பார்ப்பது. நீளம் ஒன்றாகவும் தடிமன் வேறாகவும் உள்ள இரண்டு செப்புக் கம்பிகளை ஒரே சுற்றில் வைத்தார். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். எந்தக் கம்பிக்குத் தடை எவ்வளவு மடங்கு அதிகமோ, அதன் தண்ணீர் அவ்வளவு மடங்கு அதிகமாகச் சூடேறியது. பிறகு ஒரே கம்பியில் மின்னோட்டத்தை மாற்றிப் பார்த்தார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. மின்னோட்டத்துக்கு அவருக்கும் ஆம்பியர் இல்லை. மணிக்கு 9 கிரெயின் தண்ணீரைப் பிரிக்கும் மின்னோட்டம் எதுவோ அதைத் தன் ஒரு பாகை என்று வைத்துக்கொண்டார். ஓம் அங்குலத்தில் அளந்தார், ஜூல் பிரிந்த தண்ணீரின் எடையில் அளந்தார்.

சூடாக மாறும் திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியதற்குச் சமம் என்றது ஜூலின் விதி. இதை ஓமின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம். ஜூலின் விதியில் மின்னோட்டம் இரண்டு தடவை வருகிறது. அதில் ஒன்றையும் மின்தடையையும் சேர்த்தால் அது மின்னழுத்தம், எஞ்சுவது இன்னொரு மின்னோட்டம். ஆக மின்திறன் என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கியது. ஹீட்டர் கணக்கில் 230-ஐ 5-ஆல் பெருக்கியது இதன் பலன். 5-இன் வர்க்கமான 25-ஐ 46-ஆல் பெருக்கினாலும் அதே 1150. அந்தத் திறனுக்கு வாட் என்று பெயரிடலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1882-இல் முன்மொழிந்தார். 1889-இல் அது ஏற்கப்பட்டது.

மின்தடைக்கு முறையான அலகு கேட்டவர்கள் தந்திக்காரர்கள். கடலடியில் நூற்றுக்கணக்கான மைல் கேபிள் கிடக்கிறது, எங்கோ அறுந்துவிட்டது. கரையில் இருந்தபடி தடையை அளந்து, மைலுக்கு இவ்வளவு என்று வகுத்தால் பழுது எத்தனை மைலில் என்று தெரிந்துவிடும். ஆகவே அவர்களும் நீளத்தையே அலகாக வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஒரு மைல் செப்புக் கம்பி, பிரான்சில் ஒரு கிலோமீட்டர் இரும்புக் கம்பி. ஓமின் அங்குலம் இப்படி மைலாக வளர்ந்தது. ஆனால் ஒருவரின் செம்பு இன்னொருவரின் செம்பு போல இருக்காது. கொஞ்சம் கலப்படம் இருந்தாலும் தடை மாறிவிடும். வெர்னர் சீமென்ஸ் 1860-இல் தூய்மைப்படுத்த எளிதான பாதரசத்தை எடுத்தார். ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு, பனிக்கட்டி உருகும் வெப்பநிலை. அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்குப் போட்ட அட்லாண்டிக் கேபிள் 1858-இல், அளவு தெரியாமல் உயர்ந்த மின்னழுத்தத்தைச் செலுத்தியதும் சேர்ந்து, சில வாரங்களிலேயே செத்துப்போயிருந்தது. அந்த இழப்புக்குப் பிறகு அளவின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1861-இல் பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிச் சங்கம் இயற்பியலாளர் வில்லியம் தாம்சனின் முயற்சியால் ஒரு குழு அமைத்தது. 1881-இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் மூன்றையும் ஏற்றது. பின்னர் நடைமுறைக்காக ஓமை வரையறுத்தபோதும் 106.3 சென்டிமீட்டர் நீளப் பாதரசத் தம்பம் என்றுதான் எழுதினார்கள். 1948-இல் அந்த வரையறை விலகும்வரை, மின்தடை ஒரு நீளமாகவே வாழ்ந்தது.

இரண்டு கணக்குகளும் சேர்ந்து ஊரை மாற்றியது எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தில். அன்று பலர் செய்த இழை விளக்குகளின் தடை மிகக் குறைவு, சில ஓம்தான். அப்படிப்பட்ட விளக்குகளை ஒரு தெரு முழுக்க எரிய வைக்க மிகப் பெரிய மின்னோட்டம் வேண்டும். மின்னோட்டம் பெரிதானால் ஜூலின் வர்க்கம் குறுக்கே வரும், தெருக்கம்பியே சூடாகும். அதைத் தவிர்க்கக் கம்பியைத் தடிமனாக்கினால் செம்பு வாங்கியே கம்பெனி மூழ்கிவிடும். கணிதம் படித்த ஃபிரான்சிஸ் அப்டனை உடன் வைத்துக்கொண்டு எடிசன் தலைகீழாக வந்தார். விளக்கின் தடை 100 ஓம் அளவுக்கு உயரட்டும், மின்னழுத்தமும் உயரட்டும், மின்னோட்டம் ஏறக்குறைய ஒரு ஆம்பியரில் நிற்கட்டும். 1879-இல் அவர் தேடிய கரி இழை இந்தக் கணக்கு கேட்ட இழை. 1882 செப்டம்பர் 4-ஆம் தேதி நியூயார்க்கின் பேர்ல் தெரு நிலையத்திலிருந்து சுமார் 110 வோல்ட்டில் விளக்குகள் எரிந்தன.

அதே கணக்கு இன்று தமிழ்நாட்டின் புகளூரில் நிற்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 1700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவரும் நேர்மின் பாதை அங்கே வந்து சேருகிறது. ஒரு கம்பியில் நிலத்தைவிட 8 லட்சம் வோல்ட் மேலே, மறு கம்பியில் 8 லட்சம் கீழே. இடையே 16 லட்சம். முழுத் திறன் 6000 மெகாவாட், அதாவது 600 கோடி வாட். வகுத்தால் 3750 ஆம்பியர். மின்னழுத்தத்தைப் பாதியாக்கி அதே திறனை அனுப்பினால் 7500 ஆம்பியர் ஓட வேண்டும், வழியில் சூடாகப் போவது நான்கு மடங்காகும். இவ்வளவு உயரமான கோபுரங்களும் இவ்வளவு நீண்ட இன்சுலேட்டர்களும் அந்த நான்கு மடங்கைத் தவிர்க்கவே.

வீட்டில் இந்தக் கணக்கைப் போடும்போது ஒரு எச்சரிக்கை உண்டு. மின்தடை மாறாமல் இருக்கும் என்பது வெப்பநிலை மாறாதபோது மட்டும். பழைய 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 70 ஓமுக்குப் பக்கத்தில் காட்டும் என்று கொள்வோம். 230-ஐ 70-ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர், திறன் 750 வாட்டுக்கு மேல்! பல்பிலோ 60 என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டும் பொய்யில்லை. சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் குளிர்ந்த டங்ஸ்டன் இழை உண்மையிலேயே அத்தனை இழுக்கிறது. நொடியில் ஒரு சிறு பங்குக்குள் 2000 டிகிரிக்கு மேல் சூடேறி, தடை 880 ஓமுக்கு உயர்ந்து, மின்னோட்டம் 0.26 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. தேய்ந்த பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போது பட்டென்று போவது அந்த முதல் கணத்து வேகத்தைத் தாங்காமல்தான். ஆகவே சூடாகும் எதற்கும் அது வேலை செய்துகொண்டிருக்கும்போது உள்ள மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் எடுத்து வகுக்க வேண்டும், பெருக்க வேண்டும். மோட்டார் உள்ள மிக்ஸி, மின்விசிறிக்கு அந்தப் பெருக்கலோடு திறன் காரணி என்ற இன்னொரு எண்ணும் சேரும். பல்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஹீட்டருக்கும் ஓமும் ஜூலும் சொன்னதே போதும்.